மிளகுக் களத்தில் வளைந்த அம்புகள்

கண்ணுகளா, கொல்லிமலையிலேயே எலக்ட்ரானைக் கையில் பிடித்தவர் ஒருவர்தான். அம்புக்குறியார். அவர் கதையைச் சொல்லி உங்களைப் பலமுறை சிரிக்க வைத்திருக்கிறேன். அதில் நான் விழுங்கிவிட்ட பகுதியை இன்று எழுதுகிறேன்.

மின்சார மீட்டர் கணக்கெடுக்க ராசிபுரத்திலிருந்து வந்தவர். என் மாமா பெரியண்ணன் வீட்டில் வாடகைக்கு இருந்தபடி, அஞ்சல் வழியில் வேதியியல் எம்.எஸ்சி. படித்தார். கரிம வேதியியல் தாள் மட்டும் இரண்டு முறை அவர் காலை வாரிவிட்டிருந்தது. அதனால் கண்ட இடத்திலெல்லாம் சாக்கட்டியால் அறுகோணம் போட்டு, வளைந்த அம்பு விடுவார். மீட்டர் பெட்டி, பஸ் சீட்டின் முதுகு, ஒருமுறை பலாப்பழம்.

கடைசியில் மாமா மிளகு காயப்போடும் களம் மாட்டியது. சிமெண்ட் தரை முழுக்கப் படம். ஒவ்வொரு அம்பின் வாலிலும் இரண்டு மிளகு.

"எதுக்குங்க ரெண்டு?" என்றேன்.

"எலக்ட்ரானுங்க. சோடியாக் கெளம்பி அம்பு மொன காட்டற எடத்துக்குப் போயி ஒட்டிக்கும்."

"ஓரத்துல இந்தக் கல்லு?"

"அது வினையூக்கிங்க. நடுவுல பூந்து வேகத்தக் கூட்டிட்டு, கடசீல வந்த மாதிரியே வெளிய வந்துரும்."

மறுநாள் டீக்கடையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ரோட்ட அகலம் பண்றாங்களாட்ட இருக்குது. மாமா களத்துல அளவு போட்டாச்சு. அம்பு ஊட்டப் பாத்துத்தான் திரும்பியிருக்குது."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ரோட்டோரப் பாறைகளில் சர்வேக்காரர்கள் பெயிண்ட் அம்பு போட்டதை ஏற்கெனவே பார்த்த சனம் அது; ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று மதியத்துக்குள் அத்தை அம்மிக்கல்லைக்கூட வாசலுக்கு உருட்டிவிட்டார்.

"ஏனுங்க சார், குடியிருக்கிற ஊட்டுக்கே அளவு போடறீங்களா?" என்றார் மாமா.

"இது பென்சீனுங்க."

"அவரு எந்த ஆபீசரா இருந்தா எனக்கென்னங்க? ரூமைக் காலி பண்ணுங்க."

பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருந்தது. 'நான்தான் வெளையாட்டுக்குச் சொன்னேன்' என்று ஒரு வரி போதும். ஊரே கூடி நின்றது. அந்த வரியைச் சொல்லாமல், அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன், பெரிய உத்தமன் மாதிரி.

படியில் நின்று அவர் சொன்னார்: "நீங்க ஒருத்தருதானுங்க கூட நின்னீங்க."

மூன்றாவது முறையும் அந்தத் தாள் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

களத்தைக் கழுவும் வேலையை மாமா என்னிடம்தான் விட்டார். யாரும் இல்லை. அந்தக் கல் மட்டும் ஓரத்தில் அப்படியே கிடந்தது. தண்ணீர் ஊற்றும் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அம்பின் வாலிலும் இருந்த இரண்டு மிளகையும், பிரிந்துவிடாமல், அவர் சொன்ன இடம்வரை நகர்த்தி வைத்தேன்.