விசில் ஆயம்மா போட்ட அரைப்பேர்

பந்தாட்டம் முடிந்ததும் வென்றவர் கழுத்தில் மாலை போட்ட நடுவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். தோற்றவர் கையில் பேனாவைத் திணித்த நடுவர் இப்பூமண்டலத்தில் ஒருவரே. அவர் ரம்புக்கனைக்கு மேலே, எங்கள் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார். பெற்றோர் இட்ட பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலுக்கு மட்டுமே தெரியும். ஏனைய அனைவருக்கும் அவர் விசில் ஆயம்மா.

தாய்மார் பால் வெட்டப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடமே பிள்ளைக்காம்பரா. அங்கே பிற்பகல் மூன்று மணிவரை ஆயம்மா முப்பது குழந்தைகளுக்குத் தாய். மூன்றரைக்கு, முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி, வாயில் விசிலோடு பெரட்டுக்களத்தில் நிற்பார். காலையில் தொழிலாளரின் பெயர் கூப்பிடும் அந்த மைதானம் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தது. மேல்பக்கத்து அணி பந்தை உதைக்க வேண்டியதில்லை; விட்டுவிட்டாலே போதும்.

விசில், ரம்புக்கனை ஸ்டேஷனில் ஓய்வுபெற்ற கார்ட் ஒருவர் கொடுத்தது. ஆயம்மா அதை முதன்முதலில் ஊதிய மாலையில், கீழே ஸ்டேஷனில் காத்து நின்ற கண்டி ரயில் புறப்பட்டுவிட்டது என்பார்கள். நான் இதை நம்பவில்லை. ஆனால் அன்று கண்டிக்குப் போகவிருந்த எங்கள் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா ரயிலைத் தவறவிட்டது உண்மை.

நாடு கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்றிருந்த புதிது. கேகாலையிலிருந்து கித்துல்கல வரை தென்னை மட்டை ஏந்தாத பையன் இல்லை. எங்கள் தோட்டத்தில் மட்டும் கால்பந்து. மரத்தின் வெட்டுத் தழும்பில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடா நாடாவாகச் சுற்றிப் பிள்ளைகளே பந்து செய்தார்கள். அது ஒருமுறை தரையில் பட்டால் எந்தத் திசையில் எழும் என்பதை ஆண்டவனும் அறியான். ஏன் கிரிக்கெட் இல்லை என்று ஆயம்மாவிடம் கேட்டேன்.

"ஒருத்தன் போடுறான், ஒருத்தன் அடிக்கிறான், மத்தவங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாக்குறாங்க. அதுக்குத்தான் நம்ம வாசிகசாலைக் கமிட்டி இருக்கேங்க ஐயா" என்றார்.

அந்தக் கமிட்டியின் செயலாளர் நான். பகலில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் அறையில் வேலை. மாலையில் அலுமாரிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு தமிழ்ப்பணி. அலுமாரியில் அறுபது நூல்கள் இருந்தன. மூன்றாண்டுகளில் அவற்றை வாசித்தோர் இருவர்: நானும் கறையானும். இளைய தலைமுறையிடம் வாசிப்பை வளர்ப்பது எவ்வாறு என்று ஏழு கூட்டங்கள் போட்டு ஆராய்ந்தோம். ஏழிலும் ஒரு பிள்ளைகூட இல்லாததால் ஆராய்ச்சி இடையூறின்றி நடந்தது.

அவ்வேளையில்தான் ஆயம்மா இரண்டு சட்டங்கள் பிறப்பித்தார்.

முதலாவது, மைதானத்தில் இறங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் அன்று எதையாவது வாசித்து வந்து சொல்ல வேண்டும். தோட்டத்தில் அன்றைய வேலையை முடித்தால் கூலிக் கணக்கில் ஒரு பேர் விழும், குறைத்தால் அரைப்பேர். அதே கணக்குதான் அங்கும். வாசிக்காத பிள்ளைக்கு அரைப்பேர். அரைப்பேர்க்காரர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒருநாள் இரு தரப்பிலும் எவரும் வாசித்து வரவில்லை. இருபத்திரண்டு அரைப்பேர்கள் கோட்டின் இரு பக்கமும் வரிசையாக நின்று, எதிரிநாட்டு எல்லைக் காவலர் போல ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து கோட்டின்மேல் முக்கால் மணி நேரம் தவம் கிடந்தது. ஆயம்மா கடைசி விசில் ஊதி, நல்ல ஆட்டம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டாவது சட்டம், தோற்றவர் எழுத வேண்டும்; வென்றவர் அதை உரக்க வாசிக்க வேண்டும். தோற்றதற்கு மூன்று காரணங்களை மட்டும் எழுதக் கூடாது: மழை, சரிவு, ரெப்ரி என்ற நடுவர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லாத தோட்டம் எங்களுடையது. எல்லாத் தோல்விக்கும் மழையே காரணம் என்பது எங்கள் பரம்பரை உரிமை. கமிட்டியின் ஆண்டறிக்கையே அதைத்தான் கூறியது. அந்த உரிமையை ஒரு பிள்ளைக்காம்பரா ஆயம்மா ரத்துச் செய்தார்.

"ஏன் தோற்றவர் எழுத வேண்டும்?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சவன் எழுதுனா தன்னைப் பத்தி மட்டுந்தாங்க எழுதுவான்."

முதல் அறிக்கையை எழுதியவள் ரேணுகா என்ற கோல்காப்பாளர், பத்து வயது. 'நாங்கள் தோற்றோம். ஏனென்றால் அவர்கள் கோல் போட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். ஆயம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்கே தெரியும்டி. கோல் விழுந்தப்ப நீ எங்க நின்ன?" இரண்டாம் படி இவ்வாறு வந்தது: 'நான் கொய்யா மரத்தில் நின்றேன்.' எங்கள் தோட்டத்தில் எழுதப்பட்ட முதல் உண்மையான வசனம் இதுவென்று இன்றும் கருதுகிறேன்.

வாசிக்கப் பிள்ளைகளிடம் இருந்தவை கடைச்சரைகள் மட்டுமே. பருப்பும் சீனியும் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டுகளை அயன் பண்ணாத குறையாக நீவிப் படித்தார்கள். பசார்க் கடை முதலாளியின் நிம்மதி அதோடு போயிற்று. நான் வெற்றிலைக்குப் போயிருந்தபோது ரேணுகா அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"முதலாளி, பருப்ப இந்தப் பேப்பர்ல சுத்தாதீங்க. போன வாரம் தந்தீங்களே, அதோட மிச்சத்துல சுத்துங்க."

"எதுக்கும்மா?"

"அதுல பெனால்டி அடிக்க ஓடி வாரான். அதோட கிழிஞ்சிருக்கு. ஒரு வாரமா ஓடிக்கிட்டே இருக்கான் முதலாளி."

மிச்சத் துண்டில் கருவாடு போய்விட்டிருந்தது. ஆகவே அவள் வாசிகசாலைக்கு வந்தாள், பின்னால் பத்துப் பேரோடு. அந்தப் பத்திரிகை என் அலுமாரியில் இருந்தது. வாசிகசாலைச் சட்டவிதிகளான யாப்பின்படி அங்கத்தவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், இருவர் பிணை நிற்க வேண்டும் என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அப்ப எட்டு வருசம் கழிச்சு வாரோங்க ஐயா" என்றாள் ரேணுகா. அவன் இன்னும் எட்டு வருடம் ஓடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் ஆண்டுவிழா. 'வாசிப்பின் மேன்மை' என்ற பொருளில் நான் பேசினேன். முன்னுரை முடிந்து ஒரு மணி நேரமே ஆகியிருக்கும். பெரட்டுக்களத்தில் விசில் ஊதியது. சபையோரில் பாதிப்பேர் ஆட்டம் பார்க்க எழுந்தனர். தலைவர் நீர் அருந்தப் போவதாகச் சொல்லிப் போனார். அவ்வளவு தாகத்தை நான் கண்டதில்லை. அந்த நேரத்தில் ஒட்டுப்பால் பந்து ஜன்னல் வழியே வந்து, மேசையில் எழும்பி, என் காதோரம் பறந்து, அலுமாரிக் கண்ணாடியைத் தூள் தூளாக்கியது.

அன்று நான் நான்கு பக்க மனு வரைந்தேன். 'பெண்மைக்கு ஒவ்வாத ஊளை' என்றும், 'அறிவாலயத்தின்மீது நிகழ்ந்த படையெடுப்பு' என்றும் எழுதினேன். பெரட்டுக்களத்தில் பந்தாட்டத்தை அடியோடு நிறுத்தி விசிலைப் பறிமுதல் செய்ய வேண்டினேன். வாசிகசாலை முத்திரையைக் குத்தி, கொழும்புத் தலைமை ஆபீசுக்கும் பிரதி போவதாக அடியில் குறித்து, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைக்கு அனுப்பினேன்.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். தொரை சிங்களவர், தமிழ் வாசிக்க மாட்டார்.

ஆபீசுக்கு என்னை அழைத்தபோது கிளாக்கர் ஐயா வியர்த்துக்கொண்டிருந்தார். மனுவின் முதல் வாக்கியத்துக்குள் புகுந்தவர் இரண்டாம் பக்கத்திலும் வெளியே வர வழி காணவில்லை. இது மிக உயர்ந்த தமிழ், எனக்கு எட்டாது என்று தொரையிடம் ஒப்புக்கொண்டார். இரண்டு மொழியும் நன்கு தெரிந்தவர் யார் என்று தொரை கேட்டார். கிளாக்கர் ஐயா யோசிக்காமல் ஆயம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

இடுப்பில் ஒரு குழந்தையோடு ஆயம்மா வந்தார். மனுவை வாங்கினார். முதல் வரியைப் படித்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார்.

எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். ஆயினும் களவைப் பிடிக்க அது போதும். எங்கே விழுங்குகிறார், எங்கே மெழுகுகிறார் என்று காது தீட்டி நின்றேன். ஒன்றும் இல்லை. 'ஊளை' என்ற இடத்தில் தயங்கி, அதைவிடப் பொருத்தமான சிங்களச் சொல் உண்டா என்று கிளாக்கரைக் கேட்டு, இன்னும் மோசமான ஒன்றைப் பெற்று அதையே வைத்தார். 'பெண்மைக்கு ஒவ்வாத' என்றதும் தொரை சிரித்தார். அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கண்ணாடி உடைந்த பகுதி வந்ததும் மனுவில் இல்லாத ஒன்றைத் தாமாகச் சேர்த்தார்: "ஏக அத்த, மஹத்தயா." அது உண்மைதான் ஐயா என்று பொருள்.

கொழும்புப் பிரதி என்ற சொல் தொரையைக் கட்டிப்போட்டது. பந்தாட்டம் நின்றது. விசிலை ஆயம்மாவே மேசைமேல் வைத்தார். தொரை அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

வெளியே வந்ததும் ஆயம்மா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா. ஆனா நாலு பக்கத்துல மூணு பக்கம் ரெப்ரி மேலயே குத்தம். எங்க சட்டத்துல இதுக்கு அரைப்பேர்தான்."

அந்த ஞாயிறு வாசிகசாலை வாசலில் இருபத்திரண்டு பிள்ளைகள் பெரட்டு நின்றார்கள். ரேணுகா ஒரு தாளை நீட்டினாள்.

"நாங்க தோத்துட்டோம் ஐயா. எழுதியாச்சு. ஜெயிச்சவங்கதான் வாசிக்கணும்."

"ஆயம்மா எங்கே?"

"அவங்க வரலைங்க. எழுதுனது அவங்களுக்குத் தெரியாது."

மூக்குக்கண்ணாடி அணிந்து, மேடைக் குரலில் வாசித்தேன்: 'நாங்கள் தோற்றோம். மழை காரணம் இல்லை. சரிவு காரணம் இல்லை. ரெப்ரி காரணம் இல்லை. பந்தை அடித்தது ரேணுகா. ஜன்னல் திறந்திருப்பதை அவள் பார்க்கவில்லை. இனிமேல் தாழ அடிப்போம். வாசிகசாலை ஐயா நாலு பக்கம் எழுதினார். எங்களில் யாருக்கும் நாலு பக்கம் எழுத வராது. அதனால்தான் தோற்றோம். அடுத்த முறை ஐந்து பக்கம் எழுதுவோம்.'

பாதியிலேயே மேடைக் குரல் என்னைக் கைவிட்டுவிட்டது. புகை காரணம் என்று சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை புகையறையில் அடுப்பு எரிவதில்லை.

சாவியை எடுத்து அலுமாரியைத் திறக்கப் போனேன். பூட்டுத் துருப்பிடித்திருந்தது. நான் திருகுவதைச் சற்று நேரம் பார்த்திருந்த ரேணுகா, "கண்ணாடிதான் இல்லையேங்க ஐயா" என்று சொல்லி, உடைந்த இடத்தால் கைவிட்டுப் பத்திரிகைக் கட்டை எடுத்தாள். வாசலிலேயே இருபத்திரண்டு தலைகள் அதன்மேல் கவிழ்ந்தன. அவன் பெனால்டியைத் தவறவிட்டிருந்தான்.

மறுநாள் தொரையிடம் நானே போனேன். சந்தைச் சிங்களத்தில் நான்கு சொற்களுக்கு மேல் வரவில்லை: பிழை, என்னுடையது, விசில், தாருங்கள். நான்கு பக்கம் சாதித்ததை நான்கு சொல் மாற்றியது. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வளைவில் எவரும் இல்லை. தூசி போகிறதா என்று பார்க்க மெதுவாக ஊதினேன். மூன்று லயத்து வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

ஆயம்மா விசிலை வாங்கி முந்தானையில் நன்றாகத் துடைத்தார்.

"ஊதுனீங்களா?"

"இல்லை" என்றேன்.

"ரயில் போயிருச்சாமே."

அரைப்பேரை முழுப்பேராக்க முடியுமா என்று அப்போதே கேட்டேன். "எழுதிக் குடுங்க, பாப்போம். ரெப்ரிய இழுக்காம" என்றார். நானோ மனுக்கள் எழுதிப் பழகிய கை. ஆண்டுகள் பல போயின.

ஆயம்மா இப்போது கித்துல்கலையில், சிறிய கடை நடத்தும் மகளோடு இருக்கிறார். பழைய வார இதழ்களைக் கிழித்து அங்கே சரை சுற்றுகிறார்கள். இதை அச்சிடும் வார இதழின் இந்தப் பக்கமும் என்றாவது ஒரு நாள் பருப்போடு அவர் கைக்குப் போகும். வென்றவர் அவர், வாசிக்க வேண்டியவரும் அவரே. மழை காரணம் இல்லை, சரிவு காரணம் இல்லை, அலுமாரியைப் பூட்டி வைத்தவன் நான்தான் ஆயம்மா. இந்த வரிக்கு மேலே கிழிந்துவிடாமல் இருந்தால், ஒரு பேர் போடுங்கள்.