ஓட்டில்லாத பதினோரு பேரும் எங்கள் மினிவேனும்

டெக்சாஸ்,
மே 14.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜெயலீலாவின் புருஷன் மோசஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்களும் பிள்ளைகளும் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் சொன்னபடி கேட்டு நடக்க ஜெபிக்கிறோம். ஜெயலீலாவின் நகரசபைத் தேர்தலுக்காகப் பாளையங்கோட்டையில் நீங்கள் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்ததற்கு முதலில் நன்றி. அவள் அறுபத்துமூன்று ஓட்டில் தோற்றுவிட்டாள். உபவாசத்தில் குறையில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய நோட்டீஸில் மூன்று வாக்குறுதிகள்: புல்தரைக்குத் தண்ணீர் குறைப்பது, நடைபாதையோரம் நிழல்மரம் வைப்பது, கார் ஓட்டாத வயசாளிகளுக்கு நகரசபை வண்டி விடுவது. முதலாவதற்கு முன்மாதிரியாக எங்கள் வீட்டுப் புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினாள். அது பழுப்பாகி, வாசல் புல் பச்சையாக இருந்தாக வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாவதற்காக வாசலில் ஓர் ஓக் கன்று நட்டோம். அதன் நிழலில் இப்போதைக்கு ஒரு செருப்பை விடலாம். மூன்றாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் நடந்த வேட்பாளர் கூட்டத்தில், ஏற்கெனவே பதவியில் இருக்கும் கிளென் என்பவர் எழுந்து, இந்த ஊரில் எல்லோரிடமும் கார் இருக்கிறதே, அந்த வண்டியில் யார் ஏறுவார்கள் என்று கேட்டார். இவள் மைக்கைப் பிடித்து, வரும் புதன்கிழமையிலிருந்து எங்கள் மினிவேனே ஓடும், என் கணவர் ஓட்டுவார், வந்து பாருங்கள் என்றாள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அந்தக் கணவர் நான் என்பது எனக்கு உறைத்தது. "புதன்கிழமை உங்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்தானே, காலைல ரெண்டு மணி நேரம் டிரைவ் பண்ண மாட்டீங்களா?" என்றாள்.

முதல் புதனன்று ஏறியது ஒரே ஒருவர், இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கும் கஸ்தூரிரங்கன் அங்கிள். முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார். வெட்டுவதற்குத் தலையில் அதிகம் இல்லை, ஆனாலும் நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தவர் வண்டியில் ஏறாமல் பார்க்கிங்கிலேயே நின்றார். "ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கலாமா? நாலு மாசமா தனியா ஒரு கடைக்குள்ள போனதில்ல. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனா எல்லாத்துக்கும் அவரைக் கேக்கணுமே" என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். மச்சான், பதினாறு வருஷமாக அந்தத் தெரு வழியாகத்தான் போய்வருகிறேன். சாத்திய கராஜ் கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு மனுஷர் இருக்கிறார் என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்த வாரம் பதினோரு பேர். வண்டியில் என்னைச் சேர்த்து ஏழு சீட், ஆக இரண்டு நடை. அந்த நேரம் பார்த்து எனக்கு ஆபீஸ் மீட்டிங், மியூட் போட மறந்துவிட்டேன், கஸ்தூரிரங்கன் அங்கிள் பின்சீட்டுக்காரரிடம் தமது மலச்சிக்கலை விவரமாகச் சொன்னதை பதினான்கு பேர் கேட்டார்கள்; அதில் தமிழ் தெரிந்தவர்கள் ஐந்து பேர், மற்றவர்களுக்கு அவர்களே எடுத்துச் சொன்னார்களாம், இப்போது என் மேனேஜர் வாராவாரம் அங்கிள் நலமா என்று விசாரிக்கிறார். அந்தப் பதற்றத்தில், மருந்துக்கடைக்குப் போக வேண்டிய பர்வின் ஆன்ட்டி பேச்சு சுவாரஸ்யத்தில் மற்றவர்களோடு அனுமார் கோயிலில் இறங்கியதை நான் கவனிக்கவில்லை. பதறிப்போய்த் திரும்பி வந்தால், கேன்டீனில் நாலு பேரோடு உட்கார்ந்திருக்கிறார். "அவசரமில்ல தம்பி, இப்பத்தான் காபி சொல்லியிருக்கோம். மருந்துக்கடை எங்க ஓடிடப்போவுது?" என்றார்.

இப்படி எட்டுப் புதன்கிழமை ஓட்டினேன். தேர்தலும் வந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட ஓட்டு இல்லை, எல்லோரும் கிரீன் கார்டு அல்லது விசிட்டர் விசா என்பது எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. முடிவு வந்த மாலை, கொண்டுவந்து விடச் சொல்லித் தங்கள் பிள்ளைகளைக் கெஞ்சி, பதினோரு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜெயலீலா மிஞ்சிப்போன நோட்டீஸ்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கஸ்தூரிரங்கன் அங்கிள் அவள் பக்கத்தில் போய், "எங்க பதினோரு பேருக்கும் ஓட்டு இருந்திருந்தா, அம்பத்திரண்டுலதாம்மா தோத்திருப்ப" என்றார். அன்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அப்பா இல்லாத வீட்டில் அவளை வாயடைக்காமல் வளர்த்தது நீங்கள். அதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நேற்றோடு வண்டி நின்றது, எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி புதன்கிழமைகளில் நானும் மனுஷனைப்போல மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் போக்குவரத்தைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
மோசஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஒரு போன். எண்பத்தொரு வயது வெள்ளைக்கார அம்மாள், பெயர் டாரதி, ஜெயித்த கிளெனின் தாயாராம். வயசாகிவிட்டதென்று போன வாரம் அவருடைய டிரைவிங் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஓட்டைத் தம் மகனுக்குத்தான் போட்டதாகவும், அதில் தமக்கு வருத்தமில்லை என்றும் சொல்லிவிட்டு, புதன்கிழமை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். ஒன்பதே காலுக்கு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டேன்.