கதவைத் திறந்தால் குளிர் போய்விடும்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் வரலாற்றில் இல்லை. குளிரைக் காப்பாற்றியவருக்கும் அந்தக் கதி நேர்ந்துவிடக் கூடாது. ஆகவே வருங்காலச் சந்ததியினர் குறித்துக்கொள்ளட்டும்: திரு. சந்திரமௌலி, அரசு அலுவலகக் கண்காணிப்பாளர், மயிலாப்பூர்.

1995 சித்திரையில் அவர் வீட்டுக்கு ஏ.சி. வந்தது. தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருந்த அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கே அதுதான் முதல் ஏ.சி. படுக்கையறை ஜன்னலில் பொருத்திச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி பூ வேலை செய்து தைத்த உறையை அதற்கு மாட்டினாள். மாட்டிய கையோடு ஸ்விட்சின் பக்கம் நகர்ந்தாள்.

"ஜெயா! கையை எடு!" என்றார் சந்திரமௌலி. "இது ஃபேன் இல்லை, தோணினபோது போடறதுக்கு. நிபுணர் ஆத்துல இருந்தாத்தான் இதை ஓட்டணும். அதுதான் விதி."

"வாங்கினது நாமதானே?"

"யானையை வாங்கிட்டா நீயே ஏறி உக்காந்துடுவியா? பாகன் வேண்டாமா?"

ஜெயலக்ஷ்மிக்கு யானை ஆசை எல்லாம் கிடையாது. சமையலை முடித்துவிட்டு, யாரும் கூப்பிடாமல், அந்த அறையில் ஒரு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. பேசாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

நிபுணர் தேர்வு முறைப்படி நடந்தது. தி. நகரில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருந்த காதர் நேர்காணலுக்கு வரவழைக்கப்பட்டார்.

"முன் அனுபவம்?"

"கல்யாண மண்டபம் பாத்துகினு கீறேன் சார். ஒரு பல் டாக்டரு. அதுக்கு மின்னாடி ஐஸ் ஃபேக்டரில லோடு ஏத்துனேன்."

சந்திரமௌலி நாற்காலியில் நிமிர்ந்தார். "ஐஸ் ஃபேக்டரியா! பார்த்தியா ஜெயா, குளிர்லயே ஊறின மனுஷர்."

ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாதம் ஒரு முறை 'பராமரிப்பு'. இடையில் புகார் சொன்னால், எத்தனை முறையானாலும், வந்து பார்த்தாக வேண்டும். பார்ப்பது என்றால் ஓட்டிப் பார்ப்பது. அதற்கு 'டெஸ்டிங்' என்று பெயர்.

அதன் பிறகு அந்த இயந்திரத்துக்கு வந்த நோய்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. வெயில் ஏற ஏற நோயும் முற்றியது. விடுமுறை நாளில் காலை ஆகாரம் முடிந்ததும் சந்திரமௌலி தொலைபேசியை எடுத்துவிடுவார்.

"காதர், மிஷின்ல சத்தம் சரியில்லை."

"ஓட்டவே இல்லியே சார். ஓடாத மிஷின்ல இன்னா சத்தம்?"

"அதான் கவலையா இருக்கு. சத்தமே இல்லை."

காதர் வருவார். உறை கழற்றப்படும். செய்தி மாடிக்குப் போகும். மேல்வீட்டுப் பரத்வாஜும் அவர் மனைவி சாருலதாவும் இறங்கி வருவார்கள். அக்னி நட்சத்திர வெயிலில், மங்கி கேப், மஃப்ளர், சால்வை, கால் உறை சகிதம் அவர்கள் வருவதைப் பார்த்தால் காஷ்மீருக்கு ரயில் ஏறப் போகிறவர்கள் போல இருக்கும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே பரத்வாஜ் சொல்வார்: "சளி பிடிச்சுடுத்துன்னா யார் அவஸ்தைப்படறது?"

கதவு சாத்தப்படும். அடியில் இருக்கும் இடுக்கில் துண்டு சொருகப்படும். ஏ.சி. உறுமத் தொடங்கியதும் அந்த அறையில் ஒருவரும் பேசமாட்டார்கள். கோயில் கருவறை முன்புகூட அவர்கள் அப்படி நின்றதில்லை. காதர் பாயில் படுத்து, கண்ணை மூடி, தீவிரமாக டெஸ்ட் செய்வார். சில சமயம் குறட்டையும் கேட்கும்.

இத்தனை மகத்தான பணியில் ஜெயலக்ஷ்மியின் பங்கை மறைப்பது நன்றிகெட்டதனம். வந்தவர்களுக்குக் காபியும் பஜ்ஜியும் அவள் பொறுப்பு. இயந்திரத்தின் முதுகு, சமையலறையை ஒட்டிய துணி உலர்த்தும் பால்கனியில் நீட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் எவ்வளவு குளிர் இறங்கியதோ, அதற்கு ஈடாகச் சமையலறைக்குள் அனல் வீசியது. வீட்டில் எவரும் வெறுங்கையோடு விடப்படவில்லை.

அவள் கதவைத் தட்டுவாள். கதவு ஒரு தம்ளர் நுழையும் அளவுக்குத் திறக்கும். ஒரு கை வந்து காபியை வாங்கிக்கொள்ளும்.

"ஏன்னா, நானும் சித்த உள்ள வரட்டுமா?"

"வந்தா பஜ்ஜி யார் போடுவா? சாத்து, சாத்து! கதவைத் திறந்தா குளிர் போயிடும்."

உள்ளிருந்து பரத்வாஜ் இரக்கத்தோடு குரல் கொடுப்பார். "மாமி, எங்களுக்காக ரொம்ப சிரமப்படாதேங்கோ. வாழைக்காய் மட்டும் போதும். வெங்காயம்கூட வேண்டாம்."

இரண்டு கோடைகள் இப்படிப் போயின. மூன்றாவது கோடையில், ஒரு செவ்வாய்க்கிழமை, கணவர் அலுவலகம் போன பிறகு ஜெயலக்ஷ்மி அடுப்பை அணைத்தாள். தொலைபேசியை எடுத்தாள்.

"காதர், ஒரு கம்ப்ளெயிண்ட்."

"நீயா மாமி? இன்னா கம்ப்ளெயிண்ட்டு?"

"ஆத்துல ரொம்ப சூடா இருக்கு."

காதர் வந்தார். வழக்கம்போலப் பாயைத் தேடினார். ஜெயலக்ஷ்மி ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பின்பக்கப் பால்கனியில் போட்டாள்.

"இங்க உக்காருங்கோ."

"இங்கயா? டெஸ்டிங்கு ரூமுக்குள்ள இல்ல மாமி பண்ணணும்?"

"நிபுணர் ஆத்துல இருக்கணும்னுதான் விதி. எந்தப் பக்கம்னு அவர் சொல்லலை. முன்பக்கத்தை நீங்க இத்தனை நாளா படுத்துண்டு பார்த்தாச்சு. பின்பக்கத்தை யார் பார்க்கறது?"

ஒரு பெரிய சொம்பு மோரை அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். துண்டைச் சொருகினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

அன்றைக்கென்று சந்திரமௌலியின் அலுவலகத்தில் மின்சாரம் போயிற்று. மத்தியானமே வீடு திரும்பியவர் ஏ.சி. உறுமுவதைக் கேட்டுப் பதறினார். படுக்கையறைக் கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. விதி மீறப்பட்டதோ என்று நிபுணரைத் தேடி ஓடினார். தேடிய இடத்திலெல்லாம் காதரைக் காணோம். கடைசியில் சமையலறைக்குள் கால் வைத்தார்.

வரலாறு இங்கே தன்னைத் திருத்திக்கொள்கிறது. நெருப்பைக் கண்டுபிடித்தவரும் சந்திரமௌலிதான்.

"ஐயோ! என்ன இது, இப்படிக் கொதிக்கறது!"

"வா சார்," என்றார் பால்கனியில் இருந்த காதர். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். சொம்பில் மோர் இல்லை.

"மிஷின் கெட்டுப்போச்சு காதர்! பின்பக்கம் நெருப்பைக் கக்கறது!"

"அதெல்லாம் கெடலே சார். மிஷின் சோக்கா கீது. நாந்தான் வெந்துகினு கீறேன்."

சந்திரமௌலி ஓடிப்போய் அறைக் கதவைத் தட்டினார். "ஜெயா! சமையலறை உலை மாதிரி இருக்கு! உனக்குத் தெரியுமோ?"

இயந்திரம் மட்டும் உறுமியது. பிறகு ஒரு தூக்கக் குரல் வந்தது.

"தெரியும்னா. ரெண்டு வருஷமா தெரியும். நீங்க இன்னிக்குத்தான் சமையலறைக்குள்ள போயிருக்கேள்."

சந்திரமௌலியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "சரி சரி, முதல்ல கதவைத் திற."

"ஐயையோ, குளிர் போயிடும். காதர் பாவம், காலம்பரலேர்ந்து உக்காந்திருக்கார். பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, மூணு பேருக்குமா காபி போட்டுண்டு வாங்கோ. தம்ளர் நுழையற அளவுக்குத் திறக்கறேன்."