வேலஞ்செடிக்குத் தாகமில்லை

"ஊத்தாதேன்னா ஊத்தாதே!" என்று கத்தினார் கணவர்.

மனைவி கேட்டால்தானே? பூவாளியைச் சாய்த்து, வேலஞ்செடியின் அடியில் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கை வைத்த செடியெல்லாம் கருகிப்போகும் ராசி அவருக்கு. அதனால்தான் வறட்சி தாங்கும் இந்தச் செடியைத் தேடிப்பிடித்துத் தொட்டியோடு வாங்கிவந்தார். "வேர் பிடிச்சிட்டா தண்ணியே வேணாம். ஊத்தினாத்தான் அழுகும்" என்று நர்சரிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தொட்டியிலிருந்து மண்ணுக்கு மாற்றியது எப்போது என்றுதான் நினைவில்லை. மஞ்சள் மஞ்சளாக அது ஒருமுறை பூத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இப்போதோ இலைகள் பழுத்து உதிர்ந்தன.

மனைவி கொஞ்ச நாளாக முகம் கொடுத்தே பேசுவதில்லை. முன்பெல்லாம் அவர் செருமினாலே செம்பில் தண்ணீரோடு ஓடிவருவாள். என்ன கோபமோ!

பூவாளியைப் பரண்மேல் ஒளித்தார். அவள் வாளியில் மொண்டு, இரண்டு மடங்காக ஊற்றினாள். தோட்டத்துக் குழாயை இறுக மூடினார். அவள் பிளம்பரை வரவழைத்தாள்.

"யாரும்மா இவ்வளவு இறுக்கினது?"

"நான் தொடவே இல்லைங்க. பூவாளியும் இப்படித்தான் காணாம போச்சு."

"நான்தான்யா மூடினேன்!" என்று அவர் பிளம்பரின் காதருகே போய்ச் சொன்னார்.

பிளம்பர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "இந்த வெயில்ல எங்கேருந்தும்மா குளிர்காத்து வருது?" என்றவர், ஸ்பானரைக்கூட மறந்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் திறந்துவிட்டுப் போன குழாய் அதன்பிறகு சரியாக மூடவே முடியவில்லை. ஒழுகி ஒழுகிக் குழி சேறானது. செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதறிப்போய் இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தினார் கணவர்.

ஜன்னலில் நின்ற மனைவி வீறிட்டாள். அடுத்த நிமிடமே நர்சரிக்காரருக்குப் போன் பறந்தது.

அவர் வந்து மண்ணைக் கிளறி, வேரை முகர்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, இப்படியா ஊத்துவாங்க?"

"தாகமா இருக்குமேன்னு மனசு கேக்கலைங்க" என்று மூக்கை உறிஞ்சினாள் அவள்.

"கேளுய்யா, செடிக்குத் தாகமாம்!" என்றார் கணவர், நியாயம் சொல்ல ஓர் ஆள் கிடைத்த தெம்பில்.

நர்சரிக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஐயாவோட சாம்பலை இந்தக் குழியில போட்டு, மேல செடியை வெச்சது நான்தானேம்மா? செடிக்கும் தண்ணி வேணாம்; அவருக்கும் இனிமே தாகம் எடுக்காது."