மீதி எழுபது கலோரி

காலை ஒன்பதரை மணிக்கே கிரேன்காரரின் அன்றைய சாப்பாடு முடிந்துபோனது.

"ஆயிரத்து நானூத்து எண்பது போயிடுச்சுப்பா. மீதி இருபதுதான்" என்றாள் மகள், கைபேசியைப் பார்த்தபடி.

"ரெண்டு முட்டை, நாலு ரொட்டி. அதுக்கா இவ்வளவு?"

"வெண்ணெயை விட்டுட்டீங்க. ரெண்டு டீயிலயும் மூணு மூணு ஸ்பூன் சர்க்கரை. அப்புறம் நின்னுக்கிட்டே தின்ன கேக்."

"நின்னுக்கிட்டே தின்னதுக்கும் கணக்கா?"

எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மூன்று வருடமாகச் சொல்லிவந்தார். கிரேன்காரரும் மூன்று வருடமாகத் தலையாட்டிவந்தார். அதில் நூற்று எட்டு கிலோவுக்கு ஒரு சேதமும் வரவில்லை. ஆனால் போன வாரம் துறைமுகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதிய கிரேனின் இருக்கை நூறு கிலோவுக்கு மட்டுமே. நாற்பது நாளில் எடை பார்க்கப்படும். மிஞ்சுபவர்கள் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள்.

'மிஞ்சுபவர்கள்' என்று பன்மையில் இருந்தாலும், அந்தத் துறைமுகத்தில் நூறைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான்.

பதினாறு வருடம் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தவர் அவர். கிடங்கில் ஜன்னல்கூடக் கிடையாது.

"எந்தப் புண்ணியவான் ஒட்டின நோட்டீஸோ, நல்லா இருக்கட்டும்!" என்று பெருமூச்சு விட்டாள் மனைவி. பிறகு கேக் டப்பாவை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

முதல் வாரம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இன்றைய கலோரி தீர்ந்தால் நாளையதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்வது. புதன்கிழமை சாயங்காலம் அவர் அடுத்த திங்கட்கிழமையின் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்படியே போனா அடுத்த மாசம் பூரா நீங்க பட்டினிதான்" என்றாள் மகள்.

அதைச் சரிக்கட்ட, உடம்பை வருத்துவது என்று முடிவு செய்தார். கிரேன் ஏணியில் ஒருமுறை ஏறினால் எழுபது கலோரி கரையும் என்றது கைபேசி. மறுநாள் மதியம் மூன்று முறை இறங்கி ஏறினார். இருநூற்றுப் பத்து கரைந்தது. அதனால் வந்த பசிக்கு அறுநூறு ஆனது.

கடைசியில் எதையும் வாயில் போடுமுன் எண்ணிப் பார்ப்பது என்று ஆரம்பித்தார். அது வாயோடு நிற்காமல் மண்டைக்குள் ஏறிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, சரக்குப் பெட்டி ஒன்று கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தபோது, கீழே நின்று சிக்னல் கொடுப்பவர் வாக்கிடாக்கியில் கேட்டார்.

"அண்ணே, மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"

"நூத்தி அறுபது."

"நூத்தி அறுபது டன்னா? எல்லாரும் ஓடுங்க!"

அபாயச் சங்கு ஊதியது. கரையில் ஒரு ஆள் மிச்சமில்லை. கப்பலின் கேப்டன் மிதவைச் சட்டையோடு வெளியே வந்தார். பெட்டியின் எடை இருபத்திரண்டு டன்தான். நூற்று அறுபது என்பது ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கு.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்தார். "உங்க புத்தி எங்கய்யா இருக்கு?"

"டிபன் டப்பாவுல, சார்."

உண்மையைச் சொன்னதற்காக அவர் விடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் எடை பார்க்காமலே கிடங்கு என்று எழுதிக் கொடுத்தார்.

ஆகவே வேலை நேரத்துக் கணக்கை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மகள் சொல்லிக்கொடுக்க, சிக்னல்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். கடமை தவறாத மனிதர். அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

"அண்ணே, மீதி எழுபது" என்று மதியம் இரண்டு மணிக்கு வாக்கிடாக்கியில் அறிவித்தார். அந்த அலைவரிசையில் மொத்தத் துறைமுகமும் இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் குரல் வந்தது. "அண்ணே, மேல என்ன சரசரன்னு சத்தம்?"

"காத்துப்பா."

"காத்து எப்பண்ணே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுது?"

நாலாபக்கமும் சிரிப்பு கேட்டது. மறுநாள் கேன்டீன்காரர் அவருக்கு சர்க்கரை இல்லாத டீயைத் தவிர எதையும் தர மறுத்தார். லாரி ஓட்டுநர்கள் அவரைக் கண்டதும் பொட்டலத்தை இருக்கைக்கு அடியில் தள்ளினார்கள். முன்பின் தெரியாத மாலுமி ஒருவர் கப்பல் விளிம்பில் நின்று, "இன்னைக்கு எவ்வளவு?" என்று சைகையால் கேட்டார். வீட்டில் மனைவி சூப்பைத் தராசில் நிறுத்துக் கொடுத்தாள். ஆறுதலாகத் தன் தட்டிலும் அதே அளவுதான் ஊற்றிக்கொண்டாள்.

கிரேன்காரர் யாரோடும் பேசுவதை நிறுத்தினார். இடுப்பு வார் மட்டும் ஓட்டை ஓட்டையாக உள்ளே போனது.

நாற்பதாவது நாள் வந்தது. மருத்துவ அறை நர்ஸ் விடுப்பில் இருந்ததால், அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர் காலணியைக் கழற்றினார். இடுப்பு வாரைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்து மூக்குக் கண்ணாடியையும் கழற்றினார். தராசில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஆறு" என்றாள் அவள்.

அவர் கண்ணைத் திறந்தார். "அப்ப புது கிரேன் எனக்குத்தானேம்மா?"

"உங்களுக்குத்தான் சார். முதல்ல உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க. நோட்டீஸ்ல நூத்தைம்பதுன்னு இருந்ததை நூறுன்னு மாத்தச் சொல்லி, மூணு நாள் வந்து ஆபீசர்கிட்ட அழுதுட்டுப் போனாங்க, பாவம்!"