மைக்ரோ ஆரணி விவகாரம்

சிட்லபாக்கம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சினர் சத்யநாராயணன் அவர்களுக்கு லக்ஷ்மிநாராயணன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை நாகலக்ஷ்மி, எங்கள் பெண் ஸஹானா மூவரும் சௌக்கியம் என்றுதான் முறைப்படி ஆரம்பிக்க வேண்டும். அது எவ்வளவு தூரம் உண்மை என்று உங்களிடம் விசாரிக்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்பீர்கள். அதனால் பதிவுத் தபால்.

நாகுவுக்கு மார்பில் கட்டி வந்து வைத்தியம் பார்த்தோமே, அதே ஆஸ்பத்திரியில் பரம்பரையாக வரும் ஜீன் மாற்றங்களைப் பற்றி ஏதோ ஆராய்ச்சியாம். ஸஹானாவின் எச்சிலை ஒரு குழாயில் வாங்கிக்கொண்டார்கள், முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன், ஆலோசகர் பியூலா என்று ஒரு பெண், சிரித்த முகம், சிரித்த முகத்தைக் கண்டாலே எனக்குச் சந்தேகம், அவள் சொல்கிறாள்: "சார், உடம்புல ஜீன்கள் ரொம்ப ஆட்டம் போடாம அடக்கி வைக்கறது இந்த மைக்ரோ ஆரணிதான். உங்க பொண்ணுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அம்மாகிட்டேர்ந்தோ அப்பாகிட்டேர்ந்தோ வந்திருக்கும். கேன்சர் வர வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். இது இருக்கறவங்களுக்கெல்லாம் வராது, இல்லாதவங்களுக்கு வராதுன்னும் இல்ல. ஒழுங்கா செக்கப் பண்ணிக்கிட்டா போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவா அப்பாவா தெரியாதாம், ஊர்ப் பெயர் மட்டும் தெரியுமாம்! மைக்ரோ என்றால் சின்னது. உங்கள் வீடு ஆரணியில் சின்னக்கடைத் தெரு. பொருந்துகிறதா இல்லையா? ஸஹானா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ அப்பா, ஆரணி இல்லப்பா, ஆர்.என்.ஏ.!" என்றாள். யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி எவ்வளவு சட்டென்று வந்தது பதில்! நீங்கள் அவளோடு வாட்ஸப்பில் பேசுவது எனக்குத் தெரியாதா?

இப்போது யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. உங்கள் அம்மா எதில் போனார் என்று கேட்டால் வயிற்றுவலி என்றீர்கள். சித்தப்பாவுக்கு வாயு. அத்தைக்கு 'ஆயுசு அவ்வளவுதான்'. யாருக்காவது ஒரு வியாதிக்குப் பெயர் உண்டா உங்கள் வீட்டில்? பெண் பார்க்க வந்தபோது கேசரி கொடுத்தீர்கள், பத்துப் பொருத்தம் பார்த்தோம், இதைப் பற்றி ஒருவராவது வாயைத் திறந்தீர்களா? பெயரில் மட்டும் சத்யம் இருந்தால் போதுமா ஐயா?

நாகுவிடம் சொன்னேன். "எங்க அண்ணாவை ஏன் வம்புக்கு இழுக்கறேள்? போய்க் காய் நறுக்குங்கோ" என்றாள். அவளும் உடந்தையோ என்று கத்திரிக்காய் நறுக்கும்போது தோன்றியது. அதனால்தான் எங்கள் இரண்டு பேர் எச்சிலையும் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். குழாய் மாறிவிடக் கூடாதே என்று என் கண்ணெதிரே பெயர் ஒட்ட வைத்தேன். வாய் வறண்டு ஒரு சொட்டு வரவில்லை, "மாங்காய நினைச்சுக்கோங்க சார்" என்றாள் பியூலா, நான் உங்களை நினைத்துக்கொண்டேன், வந்துவிட்டது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் எழுதுகிறேன். முடி கொட்டி, ஒரு வாய் மோர்கூட இறங்காமல் நாகு பட்டதை நீங்களும் பார்த்தீர்கள். அதில் கால் பங்குகூட என் பெண் படக் கூடாது. ஆகவே அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து, ஸஹானா எதிரில் உட்கார்ந்து, "இது எங்கள் ஆரணிப் பக்கத்திலிருந்துதான் வந்தது" என்று உங்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னிக்குச் சந்தேகமில்லாத என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு எது என்று பரிசோதனை முடிவு வந்ததும் தீர்மானிக்கிறேன்.

இப்படிக்கு,
லக்ஷ்மிநாராயணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பியூலா போன் செய்தாள். அந்த எழுத்து மாற்றம் நாகுவிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது. குழாய் மாறியிருக்குமா என்று கேட்டேன். "நீங்கதானே சார் பக்கத்துல நின்னு ஒட்ட வெச்சீங்க" என்றாள். ஆரணியிலிருந்து ஒன்றும் வரவில்லை, என் பெண்ணுக்கு நான்தான் கொடுத்திருக்கிறேன். வேறு கடிதம் எழுதலாம்தான், கை ஓடவில்லை. மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள், நீங்கள் வர வேண்டும் என்பதைத் தவிர. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நான்தான் ஆரம்பிப்பேன், பாதியில் நிறுத்திவிட்டால் மீதியை நீங்கள் சொல்லுங்கள். மாமா சொன்னால் அவள் பயப்பட மாட்டாள்.