இறக்கைக்குக் கீழே இலை

விமானத்தின் இறக்கைக்குக் கீழே இலை போட்டு ஊருக்கே சாம்பார் ஊற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் மெஸ் நடத்தும் மாமா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. மெஸ் மாமா, அவ்வளவுதான்.

அந்த விமானத்தை அவரே கட்டினார். பொம்மை இல்லை, ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் அசல் விமானம். பெங்களூர்ப் பக்கம் போய் முறையாக ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். அனுமதிகளுக்காக அலையோ அலையென்று அலைந்தார். பிறகு அலுமினியக் குழாயும் துணியுமாக மெஸ்ஸின் பின்கட்டில் வேலையை ஆரம்பித்தார். உடல்பகுதி பின்கட்டில் அடங்கியது, இறக்கைகள் அடங்கவில்லை. எனவே அவற்றைச் சாப்பாட்டு அறையின் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இது என்ன சார்?" என்பார்கள்.

"இறக்கை. ரசம் விடட்டுமா?" என்பார் மாமா.

பிரச்சினை விமானத்தில் இல்லை, மாமாவிடம் இருந்தது. சொந்தச் சமையலை ருசித்தே வளர்ந்த தேகம் அது. எஞ்சினோ சின்னது. அடுத்த சந்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தாஸ்தான் எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தான். அவன் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "எஞ்சின் சூப்பரா கீது மாமா. நீதான் ஓவர்லோடு."

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் கஷ்டகாலம். மாமா சாப்பாட்டைக் குறைத்தார். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் காலையும் மாலையும் ஏறி நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மீசையை எடுத்தார். திருப்பதிக்குப் போய் மொட்டையும் போட்டுக்கொண்டு வந்து, "வேண்டுதலும் ஆச்சு, வெயிட்டும் குறைஞ்சுது" என்றார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். ஆனால் சமைக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். சொட்டுச் சொட்டாக உள்ளே போனாலும் அது எடைதானே என்பது அவர் வாதம். சாம்பாரில் உப்பு ஒரு நாள் கடலாக இருந்தது, மறுநாள் காணாமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பாயசம் உறைத்தது. எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமா சீக்கிரம் பறந்து தொலைக்க வேண்டும் என்று அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட ஒவ்வொரு பிரம்மச்சாரியும் மனதாரப் பிரார்த்தித்தோம்.

மாமியின் பொறுமையும் ஒரு நாள் போய்விட்டது. பறக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், எங்கள் எல்லோர் முன்னாலும் கறாராகச் சொன்னாள்.

"நாளைக்கு எழும்பலேன்னா ரெண்டு இறக்கையையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவேன். அப்புறம் விமானம்னு வாயைத் திறக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ!"

மாமா விமானத்தின் மூக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "எழும்பும்டி. கணக்குப் போட்டிருக்கேன்" என்றார்.

பழைய மகாபலிபுரம் சாலையைத் தாண்டி, விலை போகாத மனைப்பிரிவு ஒன்று கிடந்தது. தார்ச் சாலை போட்டு, முனைக்கு முனை கலர் கொடி நட்டு வைத்திருந்தார்கள். சாலை ஓடுபாதை ஆயிற்று. காற்று எந்தப் பக்கம் என்பதைக் கொடிகள் காட்டின. ராத்திரியே தாஸ் விமானத்தை லாரியில் கொண்டுபோய் இறக்கைகளை மாட்டி வைத்துவிட்டான். விடிந்ததும் மொத்த மெஸ்ஸும் வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் எடுக்க முடியுமா? சந்தனம், குங்குமம், மூக்கில் மாலை, மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மாமா கற்பூரம் காட்டிக் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். பிறகு மாலையைக் கழற்றித் தாஸின் கழுத்தில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சாலை முடிந்துவிட்டது. சக்கரம் தரையை விடவில்லை.

திரும்பி வந்த மாமா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "கணக்கு தப்பாது. கூட யாரோ ஏறிண்டு வரா" என்று இருக்கைக்குப் பின்னால் கையை விட்டார்.

முதலில் வந்தது ஒரு ஸ்பேனர் பை. தாஸ் தலையைச் சொறிந்தான். "நடுவுல பிரேக்டவுன் ஆச்சுன்னா இன்னா பண்ணுவே மாமா? அதான்..."

"நடு வானத்துல ஓரமா நிறுத்திட்டு ரிப்பேர் பண்ணுவேனா?"

அடுத்து வந்தது ஓர் இளநீர். நான் வைத்ததுதான், வெயில் காலம், மனிதர் வெறும் வயிறு. அதற்கடுத்து ஒரு முழுத் திருஷ்டிப் பூசணிக்காய். யார் என்று மாமா கேட்பதற்குள் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கடல் இருக்கும் திசையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கற்பூரத்துக்குக் கண்ணை மூடிய நேரத்தில் எல்லோரும் கைவரிசையைக் காட்டியிருக்கிறோம்! கடைசியில் எதுவோ சிக்கிக்கொண்டது. மாமா இரண்டு கையாலும் இழுத்தார். நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் வந்தது.

அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

"நீயுமாடி?"

மாமி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல் தடவையா தனியாப் போறேள். வழியில பசிச்சா? புளியோதரைதான். எழும்பலேன்னா எடைக்குப் போடுவேன்னு சொன்னேன். பட்டினியா அனுப்புவேன்னா சொன்னேன்?"

மாமா கேரியரை அவள் கையிலேயே கொடுத்தார். "வெச்சுண்டு இரு. இதோ வந்துடறேன்" என்று ஏறினார்.

இந்த முறை பாதிச் சாலையிலேயே சக்கரம் தரையை விட்டது. மனைக்கற்களைத் தாண்டி, கொடிகளைத் தாண்டி, பனைமரங்களுக்கு மேலே போய்விட்டது விமானம். மொட்டைத் தலை வெயிலில் பளபளத்தது. "போய்க்கினே கீறாரு பாரு எங்க மாமா!" என்று தாஸ் குதித்தான். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். மாமி மட்டும் கத்தவில்லை. கேரியரை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து நின்றாள். மாமா பெரிய வட்டமாக ஒன்று அடித்துவிட்டு, காய்கறிக் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துகிறவர் போல அலட்டாமல் வந்து இறங்கினார்.

இறங்கியவர் நேரே இறக்கை நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஆசையாக ஒரு கவளம். கண்ணை மூடி மென்றார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

நாக்கு திரும்பிவிட்டது! எங்களுக்கு உயிர் வந்தது. மாமி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

இறக்கைகள் பேரீச்சம்பழத்துக்குப் போகவில்லை. பறக்காத நாட்களில் சாப்பாட்டு அறையிலேயே தொங்குகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறித் துடைப்பது மாமிதான். நான் வீடு மாறி அடையாறு பக்கம் வந்துவிட்டேன். ஆனாலும் மாம்பலத்தில் கால் வைத்தால் அந்த மெஸ்ஸுக்குப் போகாமல் திரும்புவதில்லை. எத்தனை இலை காலியாக இருந்தாலும், இறக்கைக்கு நேர் கீழே இருக்கிறவர் எழுந்திருக்கும்வரை காத்திருந்துதான் உட்காருகிறேன்.